முதல் பயனாளி

ஃபேனை நிறுத்தியாயிற்று. ஜன்னல் இரண்டையும் சாத்தியாயிற்று. சாத்திய ஜன்னலின் மேல் கம்பளி வேறு தொங்குகிறது, எதிர் மாடியில் துணி அடித்துத் துவைக்கிற சத்தம் உள்ளே வரக்கூடாதாம். உறையூரில், மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை மதியம், மேலே வெறும் தளம் காய்கிற மாடி வீட்டில், கம்பளியைக் கண்ணால் பார்த்தாலே எனக்குக் கழுத்து நனைகிறது. என் துப்பட்டா ஓரத்தில் சின்ன மைக் ஒன்றைக் குத்திவிட்டிருக்கிறார் இவர். அதன் ஒயர் என் மடி வழியாக இறங்கித் தரையில் ஓடி ஸ்டூல் மேல் நிற்கிற போனுக்குள் போகிறது. நான் எழுந்தால் போன் விழும், ஆகவே எழக்கூடாது. சாயக்கூடாது, சாய்ந்தால் முகம் வெளிச்சத்தை விட்டுப் போய்விடும். வெளிச்சம் என்பது போனுக்குப் பின்னால் நிற்கிற அந்த வெள்ளை வளைய விளக்கு. அது என் கண் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு வளையம் போட்டிருப்பது திரையில் எனக்கே தெரிகிறது. "கேமராவைப் பாரு சுகந்தி, உன்னையே பார்க்காத," என்கிறார். சரி. கேமரா எங்கே இருக்கிறது, அந்தக் கறுப்புப் புள்ளியா? அதைப் பார்த்துக்கொண்டு, பக்கத்து வீட்டு அக்காவிடம் பேசுகிற மாதிரி நான் ஒரே ஒரு வரி சொல்ல வேண்டும். 'வந்துட்டேன் வந்ததுக்கு அப்புறம் எனக்கும் நிம்மதி, என் வீட்டுக்கும் நிம்மதி.' அவ்வளவுதான். சொன்னதும் ஃபேன் சுற்றும். காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். குளிக்கும்போது வந்தது, தோசை ஊற்றும்போது வந்தது, இங்கே உட்கார்ந்ததும் முதல் நிம்மதி வரைக்கும் சரியாக வந்து இரண்டாவது நிம்மதியில் தொண்டை காய்ந்து குரல் கீழே போய்விடுகிறது. "மறுபடியும் போலாம்," என்கிறார் இவர், கோபமே இல்லாமல். அந்தக் கோபமில்லாமைதான் எனக்குத் தாங்கவில்லை.

வந்துட்டேன் என்பது இவர் செய்த செயலி. பெயரும் இவர் வைத்ததுதான், நான் வீட்டுக்குள் நுழையும்போது சொல்கிற சொல்லாம். போனில் போட்டுவிட்டால் போதும், நாம் ஆபீஸ் போய்ச் சேர்ந்ததும் அதுவே வீட்டுக்குச் செய்தி அனுப்பும், ஆபீஸை விட்டுக் கிளம்பினால் அனுப்பும், வழியில் எங்கே நிற்கிறோம் என்று வரைபடத்தில் பச்சைப் புள்ளியாகக் காட்டும். இவர் இதைச் செய்ததற்குக் காரணம் நான்தான். அதை மறக்கவும் முடியவில்லை. போன ஐப்பசி மழையில் ஒருநாள் தில்லைநகர் முழுக்கத் தண்ணீர், என் போனில் சார்ஜ் இல்லை, பஸ் இல்லை, நான் ஆபீஸ் வாசலிலேயே ஒரு மெடிக்கல் ஷாப் ஷெட்டருக்குக் கீழே நின்றுகொண்டு தண்ணீர் வடியட்டும் என்று சும்மா இருந்தேன். சும்மா என்றால் உண்மையிலேயே சும்மா. மழையைப் பார்த்துக்கொண்டு, டீ குடித்துக்கொண்டு. இவர் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒவ்வொரு பஸ்ஸாக ஏறி இறங்கி என்னைத் தேடியிருக்கிறார். வீட்டுக்கு வந்து பார்த்தால் தலையிலிருந்து கால்வரை நனைந்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தார், என்னைப் பார்த்ததும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே போய் விளக்கைப் போடும்வரை விடவில்லை. அந்தப் பிடியிலிருந்துதான் இந்தச் செயலி வந்தது. திருமாறன் என்கிற மனிதருக்கு யாரிடமும் கோபப்படத் தெரியாது, அழத் தெரியாது, பயந்தால் உட்கார்ந்து எதையாவது செய்யத் தெரியும். பயந்தார், செய்தார். அப்படிச் செய்து கொடுத்ததை எனக்கு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வேண்டாம் என்றால் அந்தக் கையை உதறியது போல ஆகாதா? "சுகந்தி, தோளை இறக்கு. டைட்டா இருக்கு." இறக்குகிறேன். "சிரிக்க வேண்டாம், சிரிக்கப் போற மாதிரி இரு." இருக்கிறேன். வந்துட்டேன் வந்ததுக்கு அப்புறம் எனக்கும் நிம்மதி, என் வீட்டுக்கும். அவ்வளவுதான், நின்றுவிட்டது.

"பரவாயில்ல, தண்ணி குடி."

குடிக்கிறேன், ஒயர் இழுக்காத அளவுக்குக் கையை நீட்டி. தண்ணீரும் சூடு. இவருக்கும் முதுகில் பனியன் ஒட்டிக்கிடக்கிறது, தன்னைத் துடைத்துக்கொள்ளாமல் வளைய விளக்கை ஒரு விரற்கடை உயர்த்துகிறார். இதையெல்லாம் யாரும் சொல்லித்தரவில்லை இவருக்கு. வேலையை விட்டு வந்த நாளிலிருந்து, தனியாளாகச் செயலி செய்து விற்கிற ஆட்கள் உலகம் பூராவும் கூடிப் பேசுகிற ஏதோ ஓர் இணையதளத்தில்தான் குடியிருக்கிறார். போலந்தில் ஒருத்தர், மணிலாவில் ஒருத்தர், எல்லோரும் தனித்தனி அறையில் உட்கார்ந்திருக்கிறவர்கள், எல்லோரும் இவருக்கு யோசனை சொல்கிறார்கள். முதல் மூன்று நொடியில் முகம் வர வேண்டும். முதலில் வலியைச் சொல், பிறகு நிவாரணத்தைச் சொல். கம்பெனி மாதிரி பேசாதே, மனிதனாகப் பேசு. ஆனால் கடிதம் எழுதும்போது மட்டும் 'எங்கள் குழு' என்று எழுது. எங்கள் குழு என்றால் இவர், ஒரு நாற்காலி, பிறகு நான். வெளியீட்டுக்கு முன்னாலேயே சோதித்துப் பார்க்கிறவர்கள் யாராவது செயலி வேலை செய்யவில்லை என்று திட்டி எழுதினால் 'அன்புடன், சுகந்தி, வாடிக்கையாளர் சேவை' என்று பதில் போகும். பெண் பெயர் இருந்தால் ஜனங்கள் கொஞ்சம் தணிந்து பேசுகிறார்களாம். நான் எழுதாத கடிதத்தில் நான் எத்தனை பேரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேனோ. ஒருநாள் ஓசூர்க்காரர் ஒருவர் 'நன்றி சகோதரி, நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்' என்று எழுதியிருந்தார். இவர் காட்டினார். எனக்கு உடம்பு கூசியது. யாரோ என் சேலையைக் கட்டிக்கொண்டு போய் ஒரு வீட்டில் ஆசீர்வாதம் வாங்கி வந்த மாதிரி.

அந்தத் தளத்தில் என் வாரமும் இருக்கிறது. 'என் முதல் யூசர் என் மனைவி' என்று தலைப்புப் போட்டு, வீட்டிலிருந்து தில்லைநகர், தில்லைநகரிலிருந்து காய்கறிக் கடை, கடையிலிருந்து வீடு என்று பச்சைக் கோடு போன படத்தைப் போட்டார். பெயரை மட்டும் ஓர் எழுத்தாகச் சுருக்கியிருந்தார், நாகரிகம். இவர் போட்டதிலேயே அதிகம் பேர் விரும்பியது அதைத்தானாம். யூசர் என்பதைத் தமிழில் என்ன சொல்வது என்று என்னிடம் கேட்டார், பயனாளி என்று சொன்னேன். பயனாளி என்றால் கலெக்டர் கையால் மிக்ஸி வாங்கிக்கொண்டு போட்டோவுக்கு நிற்கிறவர்கள் இல்லையா, பயனர் என்றுதானே போடணும் என்றார். இல்லை, பயனாளியே இருக்கட்டும் என்றேன். நானும் ஒன்றை வாங்கிக்கொண்டு நிற்கிறேன் அல்லவா. செய்தி இவருக்கு மட்டும் போகவில்லை. புதுக்கோட்டையில் அத்தைக்குப் போகிறது, துறையூரில் என் அம்மாவுக்கும் போகிறது. நிறைய பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்பினால் தாங்குகிறதா என்று சோதிக்க வேண்டியிருந்தது, சோதனைக்கு அவர்கள் கிடைத்தார்கள். சோதனை முடிந்த பிறகு எடுத்துவிடலாம் என்றார், அத்தை எடுக்க விடவில்லை. "இருக்கட்டும்ப்பா, எம் மருமக எங்க இருக்கானு பார்த்துக்கிட்டே வெங்காயம் உரிப்பேன்," என்றார்கள். அத்தையைக் குறை சொல்ல முடியாது, பாசமாகத்தான் கேட்பார்கள். "என்னம்மா நேத்து மெயின்கார்ட்கேட்ல ரொம்ப நேரம் நின்ன, கூட்டமா?" ஆமாம் அத்தை, கூட்டம். கூட்டமில்லை. ஒரு கடையில் கண்ணாடி வளையல்களைக் கையில் போட்டுப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தேன், வாங்கவில்லை. வாங்காமல் நின்ற நேரத்தைச் செயலிக்குள் ஒரு கடிகாரம் எண்ணியிருக்கிறது என்று தெரிந்த பிறகு அந்தக் கடைக்குள் போகவே இல்லை. என் அம்மாவுக்கோ பெருமை, அக்கம்பக்கத்தில் போனைத் தூக்கிக் காட்டுகிறாள், பாருங்க எங்க மாப்பிள்ளை கண்டுபிடிச்சது, இதோ இந்தப் புள்ளிதான் எம் பொண்ணு.

"ரெடியா? இந்தத் தடவை நிம்மதியில கொஞ்சம் மூச்சு விட்டுட்டு சொல்லு," என்கிறார் இவர். மூச்சு விட்டுட்டு நிம்மதி. நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார் என்று சாவு வீட்டில் சொல்வோம். நிம்மதியாகத் தூங்கு என்று குழந்தையிடம் சொல்வோமா? மாட்டோம், தூங்கு என்று மட்டும்தான் சொல்வோம். நிம்மதி இருக்கிற இடத்தில் அந்தச் சொல்லை யாரும் எடுப்பதில்லை. சொல்லிப் பார்க்கிறேன். வளைய விளக்கில் என் நெற்றி வியர்வை மினுங்குகிறது, திரையில் அது நல்லாத்தான் இருக்கிறது, ஏதோ எண்ணெய் வைத்துக்கொண்ட மாதிரி. எனக்கும் நிம்மதி, என் வீட்டுக்கும் நிம்மதி. சொல்லிவிட்டேன்! இவர் போனை எடுத்துக் காதில் வைத்துக் கேட்கிறார், முகம் மெல்லச் சுருங்குகிறது. "சரியாதான் சொன்ன. ஆனா…" ஆனா என்ன என்று எனக்குத் தெரியும். பொய் சொல்கிறவள் குரல் அது. ஆனால் பொய்யும் இல்லையே, அதுதானே என்னை இப்படிச் சுற்றி வளைக்கிறது. நிம்மதி இருக்கிறது. வியாழக்கிழமை மதியம் இருக்கிறது. அதை நினைக்காதே இப்போது, மைக் குத்தியிருக்கிறது, நினைப்பதும் கேட்டுவிடும் போல ஒரு பயம். நினைக்காதே என்றால் அதுதான் முதலில் வரும்.

முன்பெல்லாம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இவர் போன் பண்ணுவார். சாப்பிட்டியா, என்ன குழம்பு, சரி. அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அந்த நேரத்தில் நான் என் மேசையில் இருக்க வேண்டும். செயலி வந்த பிறகு அந்த போன் நின்றுபோனது. புள்ளி ஆபீஸில் நிற்கிறது, பிறகு எதற்குக் கேட்க வேண்டும்? ஒரு வாரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன், வரவில்லை. பிறகு ஒரு வியாழக்கிழமை பக்கத்து சீட் ஜெசிந்தா அக்கா, "ஏண்டி மூஞ்சிய இப்படி வெச்சுருக்க, காத்து வாங்கிட்டு வா போ," என்றார். போனை எடுக்கப் போனேன். அக்கா அதை என் கையிலிருந்து பிடுங்கித் தன் டிராயரில் போட்டு மூடினார், ஏதும் தெரிந்து செய்தாரா என்று இன்றுவரை கேட்கவில்லை. கீழே இறங்கினேன். ஶ்ரீரங்கம் பஸ் வந்தது, ஏறிவிட்டேன். காவிரிப் பாலத்தில் பஸ் ஏறியதும் ஜன்னல் வழியாகக் காற்று வந்து முகத்தில் அடித்தது, ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான், மணலுக்கு நடுவில் யாரோ ஒரு நாயைக் குளிப்பாட்டுகிற அளவுக்கு ஒரு கோடு தண்ணீர். அப்போது எனக்குத் திடீரென்று தோன்றியது, நான் எங்கே இருக்கிறேன் என்று இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது. கண்டக்டருக்குத் தெரியும், ஆனால் அவருக்கு என் பெயர் தெரியாது. எனக்கு உடம்பெல்லாம் சிரிப்பு வந்தது. மாம்பழச் சாலையில் இறங்கினேன், எதிர்ப்பக்கம் போய் நின்றேன், வருகிற பஸ்ஸில் ஏறித் திரும்பினேன். வேறொன்றும் செய்யவில்லை. யாரையும் பார்க்கவில்லை. கோயிலுக்குக்கூடப் போகவில்லை. திரும்பி வந்து டிராயரைத் திறந்தால் என் போன் சமர்த்தாகக் கிடந்தது, சுகந்தி ஆபீஸில் இருக்கிறாள் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு. அதற்கப்புறம் எல்லா வியாழக்கிழமையும். ஒருநாளாவது யாராவது தெரிந்தவர் பார்த்துவிட்டால்? எங்க போற என்று கேட்டால்? எங்கும் போகவில்லை என்பதை யார் நம்புவார்கள். ஒரு ஆள் இருந்தால்கூட விளக்கிச் சொல்லிவிடலாம், மன்னிப்புக் கேட்கலாம். ஒன்றுமில்லாததற்கு என்ன மன்னிப்புக் கேட்பது?

இவருடைய இன்னொரு போன் அடிக்கிறது. "அவர்தான்," என்று பரபரத்து ஸ்பீக்கரில் போடுகிறார், நானும் கேட்கட்டும் என்று. பொன்னுரங்கம், திருப்பூரில் பெண்கள் விடுதி வைத்திருப்பவர், பனியன் கம்பெனிக்குப் போகிற பெண்கள் தங்குகிற விடுதி. வருகிற செவ்வாய்க்கிழமை செயலி வெளியீடு. அந்தத் தளத்தில் ஒரே நாளில் கைதட்டல் வாங்கினால் உண்டு, இல்லையென்றால் கீழே போய் மறைந்துவிடும். அதற்கு முன்னாலேயே தேடிக்கொண்டு வந்த முதல் பெரிய ஆள் பொன்னுரங்கம்தான். "தம்பி, நம்ம விடுதியில மூணு மாடி புள்ளைங்க இருக்கு," என்கிறது குரல், நல்ல குரல், கல்யாண வீட்டில் சாப்பிட்டீங்களா என்று கேட்கிற குரல். "ஷிஃப்ட் விட்டா நேரா வர்றாங்களா, எங்கயாவது போறாங்களானு ஊர்ல இருக்கற பெத்தவங்க எங்களைத்தான் கேக்கறாங்க. எல்லாப் புள்ளைங்க போன்லயும் போட்டுர்லாம். ஆனா புள்ளைங்க மொகம் சுளிக்கக் கூடாது பாருங்க. நான் சொன்னா ஆர்டர் போடற மாதிரி இருக்கும். பொம்பளை ஒருத்தங்க, குடும்பப் பொம்பளை, வாயால சொல்லி ஒரு வீடியோ இருந்தா சாப்பாட்டு ஹால் டிவியில போட்டுக் காட்டிருவேன்." இவர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார், கட்டைவிரலைத் தூக்குகிறார். "எடுத்துட்டே இருக்கோம் சார். என் ஒய்ஃப்தான் பேசுறாங்க. சாயந்திரத்துக்குள்ள அனுப்பிடறேன்." "அடடே, வீட்லயேவா? அப்புறம் என்ன தம்பி."

போன் வைத்ததும் இவர் அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சுகந்தி, இது நடந்துடும் போல," என்றார். இந்தக் குரலை நான் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. இதற்கு முன் ட்யூஷன் வாத்தியார்களுக்கென்று ஒரு செயலி செய்து, வெளியிட்ட அன்றைக்கு விடிந்ததிலிருந்து திரையைத் தட்டித் தட்டிப் பார்த்து, யாருமே வராமல், மறுநாள் என்னிடம் வந்து, "நல்லாத்தானே இருந்துச்சு?" என்று கேட்டாரே, அந்த முகத்தை இன்னொரு தடவை என்னால் பார்க்க முடியாது. நடக்க வேண்டும். நடந்தால் மூன்று மாடிப் பெண்கள். சாப்பாட்டு ஹாலில் தட்டோடு உட்கார்ந்து டிவியில் என்னைப் பார்ப்பார்கள். வளைய விளக்கு கண்ணில் மின்ன நான் அவர்களிடம் நிம்மதி என்பேன். பத்தொன்பது வயது, இருபது வயது, நாள் முழுக்க நூல் தூசியில் நின்றுவிட்டு வருகிறவள், வழியில் பானிபூரிக் கடையில் கொஞ்சம் நின்றால் அது ஊரில் அப்பாவுக்குப் போகும். வளையலைப் போட்டுக் கழற்றினால் போகும். இவர் அதைச் செய்யவில்லை, இவர் மழையில் நனைந்த மனிதர், இவர் ஒரு பயத்தைத்தான் செய்தார். ஆனால் அந்தப் பயம் இப்போது மூன்று மாடிக்கும் போகப்போகிறது, என் முகத்தைப் போட்டுக்கொண்டு.

சொல்லிவிடலாம் என்று தோன்றியது. இப்போதே. நெஞ்சு அடித்துக்கொள்வது மைக்கில் கேட்கும். "என்னங்க."

"ம்?"

"அந்தப் புள்ளைங்க போனை விடுதியிலயே வெச்சுட்டு வெளிய போயிட்டா?"

இவர் சிரித்தார். "போன் இல்லாம யாரு போவா இந்தக் காலத்துல?" நான் போவேன். நான். நாக்கு நுனியில் நிற்கிறது, வாயைத் திறந்தால் விழுந்துவிடும். "இல்லங்க, நானே ஒரு நாள்…" என்று ஆரம்பித்துவிட்டேன், என் குரல்தான் அது. ஆனால் இவர் என்னைப் பார்க்கவில்லை. கண் எங்கேயோ போய்விட்டது, கணக்குப் போடும்போது போகிற இடத்துக்கு. "இரு, இரு. நல்ல பாயின்ட் இது. போன் அசையாம ஒரே இடத்துல கெடந்தா ஆள் கூட இல்லைனு அர்த்தம். அசைவைக் கண்டுபிடிக்கிற சென்சார் எல்லா போன்லயும் இருக்கே! அரை மணி நேரம் ஆடாம கெடந்தா வீட்டுக்கு ஒரு எச்சரிக்கை. ரெண்டு நாள் வேலைதான் சுகந்தி. யாருமே எனக்கு இதைச் சொல்லல பாரு." எழுந்தே விட்டார். லேப்டாப்பைத் திறக்கிறார். "நீ என்ன சொன்ன, நீயே ஒரு நாள்? வெச்சுட்டுப் போயிட்டியா? எங்க வெச்ச? மேசையிலயா, பையிலயா? எவ்ளோ நேரம்?" ஆசையாகக் கேட்கிறார். சந்தேகம் என்பது துளிக்கூட இல்லை, அந்தக் கண்ணில் சத்தியமாக இல்லை. எங்கே போனாய் என்று கேட்கவேயில்லை. போன் எங்கே இருந்தது என்றுதான் கேட்கிறார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. நான் ஒவ்வொரு பதிலாகச் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு ஓட்டையாக அடைபடும். ஜெசிந்தா அக்காவின் டிராயர், காவிரிப் பாலம், பிறகு திருப்பூரில் நான் பார்த்தேயிராத ஒருத்தியின் தலையணைக்கு அடியில் இருக்கும் போன்.

"அட, மறந்து வெச்சுட்டு கேன்டீனுக்குப் போயிட்டேங்க," என்றேன். எவ்வளவு சுலபமாக வருகிறது. "அதைத்தான் சொல்ல வந்தேன். அன்னைக்கு உங்க எச்சரிக்கை போயிருந்தா அத்தை புதுக்கோட்டையிலேர்ந்து காரை எடுத்துட்டு வந்திருப்பாங்க. சார்ஜ்ல போட்டாக்கூட போன் அசையாதுதானே? தூங்குறப்ப அசையாதுதானே? அதுக்கெல்லாம் கத்துச்சுன்னா எவ இதை வெச்சுருப்பா, அன்னைக்கே எடுத்துப் போட்டுருவா."

விரல் நின்றது. இவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். முதல் பயனாளி சொல்கிறாள். "சரிதான்," என்றார் மெதுவாக. "தேவையில்லாம கத்துற செயலி பொழைக்காது. போலந்துக்காரன் அதைத்தான் சொல்வான். வெளியீட்டுக்கு முன்னாடி எதையும் புதுசா தொடக் கூடாது." லேப்டாப்பை மூடினார். மூடிக்கொண்டே, "அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாம்," என்றார்.

அடுத்த வெர்ஷன் எப்போது வரும்? கேட்கக்கூடாது. நான் எதைக் கேட்டாலும் அது இவருக்கு யோசனையாகிவிடுகிறது. இனிமேல் வாயைத் திறக்கும்போதெல்லாம் பார்த்துத் திறக்க வேண்டும், சாப்பாட்டில், படுக்கையில், இவர் அன்பாக என்னம்மா யோசனை என்று கேட்கும்போது. அது எனக்குத் தாங்குமா? தாங்க வேண்டியதுதான். வியர்வை கழுத்திலிருந்து முதுகுக்கு இறங்கி இடுப்பில் நிற்கிறது. மைக்கைச் சரிசெய்ய இவர் குனிகிறார், தலைமுடியில் வேர்வை வாசம், நெற்றியில் ஒரு நரம்பு. நல்ல மனுஷன். இந்த நல்ல மனுஷனை எனக்குப் பிடிக்கும். இவருக்கு ஒருபோதும் உண்மையைச் சொல்லப்போவதில்லை என்று இந்த நிமிஷத்தில்தான் எனக்குத் தெரிந்தது. தெரிந்ததும் ஆச்சரியமாக, தொண்டை திறந்துகொண்டது. "ஓட விடுங்க," என்றேன். "இந்தத் தடவை வந்துரும்."

சிவப்புப் புள்ளி துடிக்கிறது. கறுப்புப் புள்ளியைப் பார்த்தேன், அதற்குள் சாப்பாட்டு ஹாலைப் பார்த்தேன். "வந்துட்டேன் வந்ததுக்கு அப்புறம்," என்றேன், பக்கத்து வீட்டு அக்காவிடம் அல்ல, ஒரு தங்கச்சியிடம் சொல்கிற மாதிரி, "எனக்கும் நிம்மதி, என் வீட்டுக்கும் நிம்மதி." இவர் கையைத் தூக்கிவிட்டார், போதும் என்று. நான் நிறுத்தவில்லை. "பயந்துக்காதீங்க. இதுக்கு நம்ம ஒண்ணுமே பண்ண வேண்டாம். போனை அது பாட்டுக்கு மேசை மேல வெச்சுட்டா போதும். வீட்டுக்குச் சொல்ல வேண்டியதை அது சொல்லிக்கும். நம்ம பாட்டுக்கு நம்ம வேலையைப் பார்க்கலாம்." பிறகு சிரித்தேன். சிரிக்கப்போகிற மாதிரி இல்லை, சிரித்தே விட்டேன்.

இவர் போனை எடுத்துப் போட்டுக் கேட்டார். மறுபடி கேட்டார். கண் கலங்கியிருந்தது. "கடைசியில சொன்னியே, அது நான் எழுதலையே? மேசை மேல வெச்சுட்டா போதும்… எவ்ளோ சிம்பிளா சொல்லிட்ட. எங்கேர்ந்து வந்துச்சு உனக்கு?"

"சும்மா வாயில வந்துச்சு."

"இதை வெட்டவே மாட்டேன்," என்றார். பொன்னுரங்கத்துக்கு இப்போதே அனுப்புகிறார், ஒயரைக் கழற்ற மறந்து. நான் இன்னும் உட்கார்ந்திருக்கிறேன். சின்னத் திரையில் நான் திரும்பத் திரும்பப் பேசுகிறேன், பளபளவென்று, நம்பும்படி. இனி பஸ்ஸில் யாராவது உங்களை வீடியோவில் பார்த்தேனே என்பார்கள், மாம்பழச் சாலையில்கூட. வியாழக்கிழமைக்கு என்ன செய்வது என்று யோசிக்க வேண்டும், முகத்தை மூடிக்கொண்டா போக முடியும்? அங்கே விடுதிச் சாப்பாட்டு ஹாலில் முன் வரிசையில் இருக்கிறவர்கள் டிவியைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். பாதிப் பேர் பார்க்கவே மாட்டார்கள், சாம்பாரில் காய் இல்லை என்று பேசிக்கொண்டிருப்பார்கள். பின்னால் சுவரோரம் ஒருத்தி இருப்பாள், அன்றைக்கு ஊரிலிருக்கிற அப்பாவிடம் போனில் வாங்கிக் கட்டிக்கொண்டவள், தட்டில் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருப்பவள். மேசை மேல வெச்சுட்டா போதும் என்கிறபோது அவள் மட்டும் ஒரு நொடி நிமிர வேண்டும். கேட்டுக்கோடி.